பொதுவழி எல்லார்க்கும் உரியது

நுழையும்முன்

நாள்தோறும் பள்ளிக்கு நடந்து வருகிறோம். வழியில் எவரும் நம்மை நிறுத்தி, “நீ எந்தச் சாதி?” என்று கேட்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த உரிமை எல்லார்க்கும் கிடைக்கவில்லை. சட்டமன்றத்தில் ஒருவர் எழுப்பிய குரல் அதனைப் பெற எவ்வாறு துணைநின்றது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

இன்று பாலக்காடு கேரள மாநிலத்தில் உள்ளது. 1924ஆம் ஆண்டில் அது மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. மலபார் மாவட்டமோ சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே, சென்னையில் பிறக்கும் அரசாணை பாலக்காட்டுத் தெருக்களுக்கும் பொருந்தும்.

அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பல தெருக்களில் நடக்க இயலாது. பொதுக்கிணற்றில் நீர் எடுக்க இயலாது. வரி கொடுத்தவர்களுள் அவர்களும் இருந்தனர். ஆயினும் வரிப்பணத்தில் அமைந்த சாலை அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்காக 1893இல் இதழ் தொடங்கி நடத்தியவர். தென்னாப்பிரிக்காவில் சில ஆண்டுகள் பணிபுரிந்து தாயகம் திரும்பியவர். 1923இல் அவர் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார்.

1924ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் அம்மன்றத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பினரும் நடந்து செல்லலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் ஆகியவை மற்றவர்க்கு உரியவாறே ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவை. இதுவே அதன் சாரம். அவர் சலுகை எதையும் வேண்டவில்லை. ‘பொது’ என்னும் சொல்லுக்கு உரிய பொருளையே வேண்டினார். மன்றம் தீர்மானத்தை ஏற்றது. செப்டம்பர் மாதத்தில் அரசாணையும் வெளிவந்தது.

ஆணை பிறந்ததும் வழி திறந்துவிட்டதா? இல்லை. அதே ஆண்டு நவம்பர் மாதம் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த்திருவிழா நடைபெற்றது. அப்போது அக்கிரகாரத் தெருக்களில் நுழைந்த ஈழவ மக்கள் தாக்கப்பட்டனர். அத்தெருக்கள் பொதுவழியா, அல்லவா என்னும் வழக்காடல் எழுந்தது. பின்னர், அமைதியின் பெயரால் அவர்கள் நுழைவதற்குத் தடையும் விதிக்கப்பட்டது. சட்டம் தாளில் இருந்தது, தெருவில் இல்லை.

ஆயினும் அந்தத் தீர்மானம் வீணாகவில்லை. அதற்குமுன் தெருவில் தடுக்கப்பட்டவர் இரந்து நிற்க வேண்டியிருந்தது. அதன்பின் அவர், “இது என் உரிமை, அரசே எழுதியுள்ளது” என்று கூற முடிந்தது. தடுப்பவரே விடைகூற வேண்டிய நிலை உண்டாயிற்று.

மலைகளுக்கு அப்பாலும் இதே குரல் ஒலித்தது. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு ஆகிய பகுதிகள் அன்று திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தன. அவ்வரசின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக இருந்த அய்யன்காளி, ஒடுக்கப்பட்டோர்க்கு நிலமும் கல்வியும் வேண்டும் என வாதாடினார். 1924இலேயே வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நடந்தது. தந்தை பெரியார் அதில் பங்கேற்றுச் சிறை சென்றார். மன்றத்தில் பேச்சும் மக்களிடையே போராட்டமும் ஒன்றுக்கொன்று துணையாயின.

இரட்டைமலை சீனிவாசன் 1930, 1931ஆம் ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் கலந்துகொண்டார், 1945இல் மறைந்தார். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள். கிணறு, குளம், சாலை, மக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது அது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. சென்னைத் தீர்மானத்தில் இடம்பெற்ற கிணறும் குளமும் சாலையும் நாட்டின் அடிப்படைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளதைக் காண்கிறோம்.

சொல்லும் பொருளும்

மாகாணம் – ஆங்கிலேயர் காலத்து ஆட்சிப் பகுதி
தீர்மானம் – அவை கூடி எடுக்கும் முடிவு
சாரம் – முதன்மைக் கருத்து
இரந்து – கெஞ்சிக் கேட்டு
அறப்போர் – வன்முறையற்ற போராட்டம்

மதிப்பீடு

1. சென்னையில் பிறந்த அரசாணை பாலக்காட்டுக்குப் பொருந்தியது ஏன்?
2. “சலுகை எதையும் வேண்டவில்லை” என்பதை விளக்குக.
3. கல்பாத்தி நிகழ்ச்சி எதனை உணர்த்துகிறது?
4. பிரித்து எழுதுக: பொதுக்கிணறு, அவ்வரசு, தேர்த்திருவிழா.

கற்பவை கற்றபின்

1. வழி, குளம், கிணறு, தெரு ஆகிய சொற்களை மலையாளத்தில் எவ்வாறு வழங்குகின்றனர்? ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் ஊரில் எல்லார்க்கும் பொதுவான இடங்களைப் பட்டியலிடுக. அவற்றுள் எதனையேனும் எளிதில் பயன்படுத்த இயலாதவர் உளரா? நீங்கள் சட்டமன்ற உறுப்பினராயின் அவர்களுக்காக என்ன தீர்மானம் முன்மொழிவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.