வைரத்தின் பட்டையும் 24.4 பாகையும்

முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களில் பலர் அன்றே நகைக்கடைக்கும் போய்விடுகிறார்கள். வைரத்தோடு வாங்கும்போது முதலில் கேட்பது "எத்தனை காரட்?" என்றுதான். வைரத்தில் காரட் என்பது எடை. 1 காரட் 200 மில்லிகிராம். (தங்கத்தில் 22 காரட் என்பது தூய்மை. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.) ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு கற்களில் ஒன்று ஜொலிக்கும், மற்றொன்று மங்கிக் கிடக்கும். பெரும்பாலும் பட்டை தீட்டிய கோணம்தான் காரணம்.

முழு அக எதிரொளிப்பு நடத்தும்போது "வைரம் மின்னுவது இதனால்தான்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அந்த வரிக்குள் ஒரு பாடவேளைக்கான கணக்கு இருக்கிறது.

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. ஒன்றை 2.42ஆல் வகுத்தால் 0.413, அதற்குரிய மாறுநிலைக் கோணம் 24.4°. கண்ணாடிக்கு (1.5) இது 41.8°. வைரத் தொழில் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் வெளியிட்ட கணக்கில், வட்ட வைரத்தின் அடிப்பகுதிப் பட்டைகள் கிடைமட்டத்துடன் 40.75° சாய்ந்திருக்க வேண்டும் என்றார்.

கரும்பலகையில் ஒரு 'வி' வடிவம் வரைந்து, மேலே தட்டையான முகம் ஒன்றைப் போடுங்கள். நேர் மேலிருந்து வரும் கதிர் முதல் பட்டையில் 40.75° படுகோணத்தில் விழும். அது 24.4°ஐ விட அதிகம். ஒளி வெளியேறாமல் திரும்பும். எதிர்ப்பட்டையில் படுகோணம் 180 − 3 × 40.75 = 57.75°. மறுபடியும் திரும்பும். மேல்முகத்தை 17°இல் சந்திக்கும். இது 24.4°ஐ விடக் குறைவு. எனவே வெளியேறி நம் கண்ணை அடையும்.

இப்போது 40.75க்குப் பதில் வேறு எண்களைக் கொடுக்கச் சொல்லுங்கள். 35° என்றால் மேல்முகத்தில் 40° வருகிறது. ஒளி உள்ளேயே திரும்பிவிடும். 53° என்றால் இரண்டாம் பட்டையில் 21°தான். ஒளி அடிவழியே ஒழுகிவிடும். நேர்க்கதிர் மேல்முகம் வழியே வெளிவர, கோணம் சுமார் 38.9°க்கும் 51.1°க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அதே 40.75°இல் கண்ணாடியைத் தீட்டினால் முதல் பட்டையிலேயே ஒளி கசியும். போலிக்கல் ஏன் மங்குகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கோணம் தெரிந்தும் ஏன் தவறாகத் தீட்டுகிறார்கள்? எடை போய்விடும் என்பதால்தான். 1852இல் லண்டனில் கோஹினூரை மறுபடி தீட்டியபோது சுமார் 191 காரட்டிலிருந்து ஏறத்தாழ 106 காரட்டாகக் குறைந்தது. காரட்டுக்கு விலை என்று விற்கும்போது, கல்லைக் கொஞ்சம் ஆழமாக விட்டுவைப்பது விற்பவருக்கு லாபம். அடிப்பகுதியில் மறைந்திருக்கும் அந்த எடைக்கு வாங்குபவர் பணம் கொடுக்கிறார். மேலிருந்து பார்த்தால் கல் பெரிதாகவும் தெரியாது.

ஹால்மார்க் முத்திரை உலோகத்தின் தூய்மைக்கு மட்டுமே. கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 'ப்ளூ ஜாகர்' என்ற பெயரும் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டீன் சுரங்கத்திலிருந்து வந்தது. பட்டையின் தரத்தை அது காட்டாது. வட்டக் கல்லென்றால் ஆய்வகச் சான்றிதழில் 'கட்' என்ற வரியைப் பார்க்க வேண்டும். ஜி.ஐ.ஏ. சான்றிதழில் எக்ஸலன்ட் முதல் புவர் வரை ஐந்து தரங்கள் உண்டு. நம் பக்கத்துத் தோடுகளில் பின்புறம் மூடிய கட்டு அதிகம். பதித்த பிறகு அடிப்பகுதியைப் பார்க்க வழியில்லை. பதிக்கும் முன்பே கல்லைத் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருந்தால் இன்னொரு கணக்கு. பாட்டிமார் வைரத்தோட்டைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் கழுவுவார்கள். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் ஒட்டும். தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45. கல்லின் அடியில் அது படிந்தால் மாறுநிலைக் கோணம் எவ்வளவாகும் என்று கேளுங்கள். 1.45ஐ 2.42ஆல் வகுத்தால் 0.599, கோணம் சுமார் 37°. பட்டையில் 30°இல் விழுந்து இதுவரை திரும்பிய சாய்ந்த கதிர்கள் இனி எண்ணெய்க்குள் போய்விடும்.