தாழ்த்திய மஸ்டாங்கில் பின்சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கினால்

2005 முதல் 2014 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தியவர்களுக்கு இது பழகிய தொல்லை. பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் மட்கார்டை ஒட்டி வெளியே தள்ளி நிற்கும். மற்றது உள்ளே ஒதுங்கியிருக்கும். பலர் உள்ளே போன பக்கத்தில் மட்டும் ஸ்பேசர் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நகர்ந்தது சக்கரம் அல்ல, அச்சு.

இந்த மஸ்டாங்கின் பின்னச்சு ஒரே துண்டு. அது பக்கவாட்டில் ஓடாமல் பிடித்துக்கொள்வது பான்ஹார்ட் கம்பி. அதன் ஒரு முனை பாடியில் சற்று உயரத்திலும் மறுமுனை அச்சிலும் மாட்டியிருக்கும். வண்டி தாழும்போது சாய்ந்திருந்த கம்பி கிடைமட்டத்தை நெருங்கி அச்சைத் தள்ளிவிடும். கணக்குக்கு, 1000 மி.மீ. நீளக் கம்பியின் முனைகளுக்கு இடையே உயர வித்தியாசம் 100 மி.மீ. இருந்தது 60 ஆனால் அச்சு 3 மி.மீ.க்குச் சற்று மேல் நகரும். ஒரு பக்க இடைவெளி 3 கூட, எதிர்ப்பக்கம் 3 குறைய, கண்ணுக்கு 6 மி.மீ. கோணலாகத் தெரியும்.

முதல் வேலை அளப்பது. சமதளத்தில் நிறுத்தி, இரண்டு டயரிலும் காற்றைச் சமமாக்குங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள். வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை அழுத்தி ஆட்டி விடுங்கள். அப்போதுதான் சஸ்பென்ஷன் தன் இடத்தில் உட்காரும். மட்கார்டு விளிம்பின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். மட்கார்டே தொழிற்சாலையிலிருந்து ஓரிரு மி.மீ. பிசகி வந்திருக்கலாம். அதனால் டயரின் உட்சுவருக்கும் சேஸிஸுக்கும் உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள்.

கம்பியைத் தொடுமுன் பின்சக்கரங்களை இடம் மாற்றி மாட்டி மீண்டும் அளங்கள். கோணல் சக்கரத்தோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போனால் இரண்டு ரிம்மின் ஆஃப்செட்டும் வேறு. அதே பக்கத்தில் நின்றால் அச்சுதான். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம் இரு பக்கமும் மாறுபட்டால் அச்சு திரும்பியிருக்கிறது. அதைக் கீழ்க்கட்டுப்பாட்டுக் கைகளில் தேட வேண்டும், பான்ஹார்ட் கம்பியால் ஆகாது.

இனி நீளம் மாற்றக்கூடிய கம்பி ஒன்றை வாங்குங்கள். இரு முனையிலும் எதிரெதிர் மரை உள்ளதே நல்லது. வண்டியில் மாட்டியபடியே திருகலாம். ஒரு முனை மட்டும் திருகும் வகையை ஒவ்வொரு முறையும் கழற்றியாக வேண்டும்.

வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேல் இருக்க வேண்டும். சாய்மேடையில் ஏற்றுங்கள், அல்லது அச்சுக்குழாய்களுக்குக் கீழே ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள். சக்கரம் தொங்கும் நிலையில் பார்க்கும் அளவு எதற்கும் உதவாது. பழைய கம்பியைக் கழற்றி, புதியதை அதே நீளத்துக்கு வைத்து மாட்டுங்கள். போல்ட் துளை நேராக வராவிட்டால் சேஸிஸுக்கும் அச்சுக்கும் இடையே ராட்செட் பட்டை கட்டி மெல்ல இழுங்கள்.

திருகும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: அளந்த வித்தியாசத்தில் பாதியைத்தான் திருத்த வேண்டும். 8 மி.மீ. வித்தியாசம் என்றால் அச்சு நகர வேண்டியது 4. முழுதாக நகர்த்தினால் கோணல் அப்படியே எதிர்ப்பக்கம் போய்விடும். தாழ்த்திய வண்டிக்குப் பெரும்பாலும் கம்பியைக் குறுக்க வேண்டிவரும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் வண்டியை உருட்டி, ஆட்டி, மறுபடி அளங்கள்.

சரியானதும் பூட்டு நட்டுகளை இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள கம்பியானால் இரு முனை போல்ட்டையும் வண்டி தன் எடையில் நிற்கும்போதே, கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு இறுக்குங்கள். தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுகியபடியே வேலை செய்து சீக்கிரம் கிழிந்துவிடும். கம்பி டிஃபரன்ஷியல் மூடியிலோ சைலன்சர் குழாயிலோ உரசுகிறதா என்றும் பாருங்கள்.

சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து எல்லா போல்ட்டையும் மறுபடி சோதியுங்கள். ஓரிரு மி.மீ. வித்தியாசம் மிஞ்சினால் விட்டுவிடுங்கள். டயர் எங்கும் உரசாதவரை அதனால் கெடுதல் இல்லை.