அறிதல், விளங்குதல், தெளிதல்

"விளங்கிச்சுதோ?" என்று ஆசிரியர் வகுப்பிலே கேட்பார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "ஓம்" என்பார்கள். விளங்காத பிள்ளையும் ஓம் என்றே சொல்லும். அந்த "ஓம்" என்ற சொல்லிலேதான் பிரமதேவரும் அகப்பட்டார்.

கயிலைக்கு வந்த பிரமதேவர் முருகப்பெருமானை மதியாது சென்றார். பெருமான் அவரை அழைத்து வேதத்தைச் சொல்லும்படி பணித்தார். அவர் பிரணவத்தைச் சொல்லித் தொடங்கினார். அதன் பொருள் யாதெனக் கேட்டபோது விடை கூற இயலவில்லை. குட்டும் பெற்றார், சிறையும் பெற்றார். பிரமதேவர் வேதம் அறியாதவர் அல்லர், நாள்தோறும் ஓதியவர். அறிந்திருந்தார், விளங்கியிருக்கவில்லை.

நமது கோயில்களிலே நடைபெறும் புராணபடனம் இந்த இடைவெளியை நிரப்புவதற்கே ஏற்பட்டது எனலாம். ஒருவர் செய்யுளை இராகத்துடன் வாசிப்பார்; மற்றவர் பயன் சொல்லுவார். நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனநடையில் எழுதி 1852இல் அச்சிட்டதும் இந்நோக்கம் பற்றியே. இன்று செய்யுளைப் பிழையறச் சொல்லிப் பரிசு பெறும் பிள்ளைகள் பலர் உளர். பயன் சொல்ல வல்லவர்கள்தான் அருகிவிட்டனர். (பரிசு வழங்கும் நாமும் பொருளைக் கேட்பதில்லை.)

விளங்கிவிட்டாற் போதுமா? சென்ற கந்தசட்டியிலே சூரன்போர் பார்க்கச் சென்றபோது என் பேத்தி கேட்டாள்: "அம்மப்பா, சாமியின்ரை பெரிய உருவத்தைக் கண்ட பிறகும் சூரன் ஏன் சண்டை பிடிச்சவன்?" முதல்நாள் நான் சொன்ன கதைதான் அது. போர்க்களத்திலே பெருமான் பேருருவைக் காட்டியருளியபோது, இவரைப் பாலன் என்று எண்ணினேனே எனச் சூரபன்மன் இரங்கினான், வணங்கவும் விரும்பினான். அவ்வுருவம் மறைந்ததும் பழைய மானமும் கோபமும் மீண்டன. பிள்ளையின் கேள்விக்கு அன்று எனக்கு மறுமொழி வரவில்லை. "வீட்டை போய்ச் சொல்லுறன்" என்று சமாளித்தேன்.

சிவஞான சித்தியாரிலே அருணந்தி சிவாசாரியார் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படிகளைக் கூறுகின்றார். சூரனுக்குக் காட்சி கிடைத்தது. அதைச் சிந்திக்க அவன் ஒரு கணமும் இருக்கவில்லை. ஆதலால் தெளிவு உண்டாகவில்லை.

இதை ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? முன்னர் கலங்கிய தண்ணீரைக் குடத்திலே விடுவதற்கு முன் தேற்றாங்கொட்டையை உட்புறத்தில் உரைத்துவிடுவார்கள். மண்டி அடியிலே தங்கும்வரை குடத்தை ஒருவரும் ஆட்டக்கூடாது. சூரன் குடத்தை ஆட்டிவிட்டான் என்றேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, "தேற்றாங்கொட்டை எண்டால் என்ன, அம்மப்பா?" என்று கேட்டாள். இப்போது அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.