மேருவிலிருந்து ஐரோப்பா வரை: எஃப்டி-8 பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலேசியாவின் மேரு போன்ற ஊரில் தாமான் வீட்டு மாடியில் ஒரு கம்பி, உள்ளே ஒரு ஹாம் ரேடியோ, பக்கத்தில் ஒரு மடிக்கணினி. இவற்றைக் கொண்டு ஐரோப்பாவுடன் தொடர்பு கொள்ளலாம் என்றால் பலர் நம்புவதில்லை. நம்புகிறவர்களோ அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். பல்சார் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும், ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் உருவாக்கிய எஃப்டி-8 என்ற முறைதான் இந்தத் தொடர்பைச் சாத்தியமாக்குகிறது.

நம்பிக்கை: கணினி இருக்கிறதே, செய்தி இணையத்தில்தான் போகிறது.

உண்மை: செய்தியைக் குறியாக்குவதும் படிப்பதும் மட்டுமே கணினியின் வேலை. 14.074 மெகாஹெர்ட்ஸில் புறப்படும் அலை அயனி மண்டலத்தில் வளைந்து தரைக்குத் திரும்பி, மறுபடி மேலேறி, அப்படியே கண்டம் தாண்டுகிறது. 15 விநாடித் தவணைகளில் மாறி மாறி அனுப்புவதால் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யத்தான் பலரும் இணையத்தை நாடுகிறார்கள். ஜிபிஎஸ் கருவி இருந்தால் அதுவும் வேண்டாம்.

நம்பிக்கை: இரைச்சலைவிட நூறு மடங்கு பலவீனமான சமிக்ஞையையும் மென்பொருள் மாயமாகப் பிடித்துவிடும்.

உண்மை: நூறு மடங்கு என்ற பேச்சுக்கு அடிப்படையான மைனஸ் 21 டெசிபல் கணக்கு, 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள மொத்த இரைச்சலோடு ஒப்பிட்டுச் சொல்வது. எஃப்டி-8 சமிக்ஞைக்கு 50 ஹெர்ட்ஸ் போதும். அந்த அகலத்துக்குள் இரைச்சலும் ஐம்பதில் ஒரு பங்குதான். எனவே உண்மையான பின்னடைவு ஏறக்குறைய 4 டெசிபல். அதையும் ஈடுகட்ட, 77 பிட் செய்தியோடு 97 பிட் பிழைகாப்பு சேர்த்து 12.64 விநாடி நிதானமாக அனுப்புகிறார்கள். வேகத்தை விட்டுக்கொடுத்துத் தூரத்தை வாங்குகிறார்கள்.

நம்பிக்கை: வாட்டைக் கூட்டினால் எல்லாம் சரியாகும்.

உண்மை: சக்தியை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். ஒலியளவை மிதமிஞ்சி ஏற்றினாலோ சமிக்ஞை சிதைந்து பக்கத்து நிலையங்களைக் கெடுக்கும். 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர் நீள டைபோல் கம்பியை உயரத்தில், தடையின்றிக் கட்டுவதே நல்ல முதலீடு.

நம்பிக்கை: மென்பொருளை இறக்கிக்கொண்டால் யாரும் ஒலிபரப்பலாம்.

உண்மை: மென்பொருள் இலவசம், அலைவரிசை அப்படியல்ல. மலேசிய தகவல் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அனுமதி வேண்டும், அதற்குத் தேர்வும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறிகள் பரவலாக உள்ளன.

நம்பிக்கை: இவ்வளவு தூரம் எட்டும் முறை, பேரிடரில் உயிர்காக்கும்.

உண்மை: வழக்கமான எஃப்டி-8 தொடர்பில் பரிமாறப்படுவது அழைப்புக்குறி, ஓஜே03 போன்ற இடக்குறி, சமிக்ஞை அளவு, வணக்கம். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். சொந்தமாக எழுத ஒரு தவணைக்கு 13 எழுத்துகள்தான். 2004 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்த ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத் குழுவினர் வெளியுலகுக்குச் செய்தி சேர்த்தது வாய்ப்பேச்சால். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில், எந்த வீட்டு மாடியில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பதை 13 எழுத்துகளில் சொல்லி முடியாது. அந்த நாளுக்குத் தயாராக நினைப்பவர் மைக்கில் பேசிப் பழக வேண்டும். பேட்டரியையும் நிறைத்து வைக்க வேண்டும்.