உறங்கும் காசநோயும் தோல் சோதனையும்

மும்பையிலிருந்து புனே செல்லும் இருப்புப் பாதையில், புனேக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னதாக அமைந்துள்ளது தளேகாவ். மக்களிடம் காசு காசாகத் திரட்டிய பைசா நிதியைக் கொண்டு 1908-இல் இங்கு கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. சுதேசி இயக்க வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. கண்ணாடியின் மூலப்பொருள் மணல். மணலிலுள்ள சிலிக்காவின் நுண்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். அந்நோய்க்கு உள்ளானவரைக் காசநோய் எளிதில் வீழ்த்திவிடுகிறது. ஆகவேதான், காசநோய்த் தடுப்புச் சிகிச்சை பற்றி மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், உறங்குநிலைத் தொற்று உண்டா எனச் சோதிக்கப்பட வேண்டியவர்களில் சிலிகோசிஸ் நோயாளரையும் சேர்த்துள்ளன.

தொற்று வேறு, நோய் வேறு. காசநோய்க் கிருமி உடலில் புகுந்தோர் அனைவரும் நோயாளிகளாகி விடுவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் வரையே வாழ்நாளில் நோய்வாய்ப்படுகின்றனர். அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்றிய இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நோய் வெளிப்படுகிறது. ஏனையோரின் உடலில் கிருமி அடங்கிக் கிடக்கிறது. அவர்களுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. சளியில் கிருமி இல்லை. 2019–21-இல் நடைபெற்ற தேசிய காசநோய்க் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு இத்தகைய தொற்று உள்ளது.

அடங்கிக் கிடக்கும் கிருமியை நேரில் காண வழியில்லை. அக்கிருமியை உடல் நினைவில் வைத்திருக்கிறதா என்பதை மட்டுமே அறிய முடியும். இரத்தத்திலுள்ள டி அணுக்கள் ஒருமுறை எதிர்கொண்ட புரதத்தை மீண்டும் சந்திக்கும்போது விரைந்து செயற்படுகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் சோதனைகள் அனைத்தும் இவ்வடிப்படையில் அமைந்தவையே.

1890-இல் ராபர்ட் காக் டியூபர்குலினை மருந்தாகவே அறிவித்தார். மருந்தாக அது தோற்றது. சோதனைப் பொருளாக நிலைத்தது. அதைத் தோலுக்குள் செலுத்தி, எழும் தடிப்பை அளக்கும் முறையை மாண்டூ என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1908-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் கால்மெட், கெரான் ஆகிய இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்யும் பணியைத் தொடங்கினர். பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த அந்த உழைப்பின் பயனே பி.சி.ஜி. தடுப்பூசி.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறாக அமைந்தன. டியூபர்குலின் பல புரதங்களின் கலவை. அவற்றுள் பல பி.சி.ஜி. கிருமியிலும், மண்ணிலும் நீரிலும் வாழும் உறவினக் கிருமிகளிலும் காணப்படுகின்றன. எனவே காசநோய்க் கிருமியே தீண்டாதவரின் கையிலும் தடிப்புத் தோன்றலாம். 1968-இல் தமிழகத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. ஆய்வில், சூழலில் வாழும் இத்தகைய கிருமிகளால் ஏற்படும் உணர்வு மக்களிடையே மிகப் பரவலாக இருப்பது தெரியவந்தது. தோலில் எழும் தடிப்பு எதைக் குறிக்கிறது என்ற ஐயம் அதனால் வலுத்தது.

விடை பி.சி.ஜி.யின் வரலாற்றிலேயே இருந்தது. வலுவிழந்துவந்த அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அக்கிருமி தன் மரபுப் பொருளின் ஒரு துண்டை இழந்திருந்தது. ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரு புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் அத்துண்டில் உள்ளன. பி.சி.ஜி.யில் இவை இல்லை. சூழலில் வாழும் கிருமிகளில் ஒருசிலவற்றைத் தவிரப் பிறவற்றிலும் இல்லை. இவற்றை மட்டும் கொண்டு சோதித்தால் தடுப்பூசி ஏற்படுத்தும் குழப்பம் நீங்கும்.

இரத்தத்தை இப்புரதங்களுடன் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, சுரக்கும் இண்டர்பெரான் காமாவை அளப்பது ஒரு முறை. இதற்கு ஆய்வுக்கூடமும், கெடாமல் வந்து சேரும் இரத்தமும் வேண்டும். மற்றொன்று அதே புரதங்களை ஊசியில் ஏற்றிய தோல் சோதனை. கோபன்ஹேகனில் உருவான இச்சோதனையைப் புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்டோரிடம் பயன்படுத்த 2022-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 0.1 மில்லிலிட்டர் மருந்து முன்கைத் தோலுக்குள் செலுத்தப்படுகிறது. 48 முதல் 72 மணி நேரத்திற்குள் தடிப்பு 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று உண்டு எனக் கொள்ளப்படும். சிவப்பை அளக்கலாகாது, விரலால் தடவி உணரப்படும் தடிப்பையே அளக்க வேண்டும்.

ஊசி போடுவதைவிட, மீண்டும் வந்து கையைக் காட்டச் செய்வதே கடினம். வியாழக்கிழமை ஊசி போட்டால் தடிப்பைச் சனி, ஞாயிறுகளில் பார்க்க வேண்டியிருக்கும். முறைவேலையில் இருக்கும் தொழிலாளி ஒருநாள் கூலியை இழந்து இரண்டாம் முறை வருவாரா என்பதைத் திட்டமிடுவோர் முன்னரே எண்ணிப் பார்ப்பது நல்லது.

சோதனை சொல்லாதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். தொற்றுக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது. யாருக்கு நோய் முற்றும் என்பதையும் கூறாது. எச்.ஐ.வி. அல்லது கடும் ஊட்டக்குறைவால் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் தொற்று இருந்தும் தடிப்பு எழாமல் போகலாம். அதனால்தான் எச்.ஐ.வி. உள்ளோருக்கும், நோயாளியின் வீட்டிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இச்சோதனைக்காகக் காத்திராமல், நோய் இல்லை என உறுதிசெய்தபின் தடுப்புச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. வீட்டிலுள்ள பிறருக்கும், சோதனை வசதி இல்லை என்ற காரணத்தால் சிகிச்சையை மறுக்கலாகாது.

நோய் இல்லை என உறுதிசெய்வது எவருக்கும் தவிர்க்க முடியாதது. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகியவை உண்டா என விசாரித்து, இயன்றவரை மார்பு எக்ஸ்-ரேயும் எடுக்க வேண்டும். நோய் முற்றியிருப்பவருக்கு ஐசோநியாசிட் மாத்திரையை மட்டும் கொடுத்தால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகும். நோயற்றவருக்கு அம்மாத்திரையை ஆறு மாதம் நாள்தோறும் தரலாம். அல்லது ரைபபென்டினுடன் சேர்த்து வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வேளை தரலாம். கல்லீரல் பாதிக்கப்படக்கூடும் என்பதால் மது அருந்துவோரிடம் கூடுதல் கவனம் தேவை. தன்னை நலமுள்ளவர் என உணரும் ஒருவரை மாதக்கணக்கில் மாத்திரை உட்கொள்ளச் செய்வது எளிதன்று. பொய்யான தடிப்புகளைக் குறைக்கும் சோதனையின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது: தேவையற்றவர் அந்தச் சுமையிலிருந்து தப்புகிறார்.

சிகிச்சை முடிந்த பின்னரும் டி அணுக்களின் நினைவு பெரும்பாலும் அழிவதில்லை. ஆகவே பலன் கிடைத்ததா என அறிய மீண்டும் சோதிப்பது வீண். எத்தனை வேளை மருந்து உட்கொள்ளப்பட்டது என்று குறித்துவைத்த அட்டையே அதற்குச் சான்று.