போத்து நட்டு வளர்க்கும் பவளம்



முருங்கைக் கிளையை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால் அது வேர்விட்டுத் துளிர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். இதனைப் போத்து நடுதல் என்பர். கோழியின் சிறகையோ ஆட்டின் காலையோ அப்படி நட்டு வளர்க்க இயலாது. ஆனால், விலங்கினத்தைச் சேர்ந்த ஓர் உயிரைக் கிளை கிளையாக ஒடித்து நட்டு வளர்க்கிறார்கள். அதுவும் கடலில் மட்டுமன்று, வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும்! அந்த உயிர்தான் கடினப் பவளம்.

பவளம் என்பது என்ன?

18-ஆம் நூற்றாண்டு வரை பவளத்தைக் கடற்செடி என்றே பலரும் எண்ணினர். அது விலங்கு என்று எடுத்துரைத்தவர் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர். பவளக் கிளையை உருப்பெருக்கியில் பார்த்தால் குழிதோறும் ஒரு சிறு உயிர் அமர்ந்திருக்கும். இதற்குப் பாலிப் என்று பெயர். வாயைச் சுற்றி உணர்கொம்புகள் இருக்கும். பாலிப்புகள் மெல்லிய தசையால் ஒன்றோடொன்று இணைந்தவை. அவை தமக்கு அடியில் கால்சியம் கார்பனேட்டைப் படிய வைத்துக்கொண்டே மேலே எழும்புகின்றன. நாம் முருகைக்கல் என்று சொல்வது இந்தச் சுண்ணாம்புக் கூட்டைத்தான்.

பாலிப்பின் உடலுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் செய்யும் உணவில் பெரும்பகுதி பவளத்திற்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே பவளம் விலங்கேயானாலும் அதற்குச் செடியைப் போல ஒளி வேண்டும்.

துண்டு நடும் முறை

மான்கொம்புப் பவளத்தைப் புயலலை ஒடித்துப் போட்டால், விழுந்த துண்டு அசையாத இடத்தில் தங்கி மீண்டும் வளர்வதுண்டு. கடல் செய்யும் இவ்வேலையைத் தொட்டி வளர்ப்போர் கையால் செய்கிறார்கள்.

எலும்பு வெட்டும் இடுக்கியால் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள நுனியை நறுக்குவர். உருண்டைப் பவளமானால் நீர் ஊற்றியபடி வைர ரம்பத்தால் அறுப்பர். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெட்டுப்பட்ட பவளம் வழவழப்பான சளியைச் சுரக்கும். தொட்டியின் உப்பு நீரிலேயே அதனைக் கழுவிவிட்டு, சயனோ-அக்ரிலேட் பசையால் ஒரு சிமெண்டு வில்லையில் ஒட்டுவர். இப்பசை ஈரம் பட்டால் இறுகுவது. எனவே நீருக்குள்ளும் பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில் தசை வெட்டுவாயை மூடி, பசையின் மேலும் படர்ந்து வில்லையைப் பற்றிக்கொள்ளும். துண்டு ‘பிடித்துவிட்டது’ என்பதற்கு இதுவே அடையாளம்.

புதுத் துண்டைப் பளிச்சென்ற ஒளியில் உடனே வைக்கக்கூடாது. ஒளி மிகுந்தால் பாசிகள் தீங்கான ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கித் தசையைக் கெடுக்கும். சிறிது சிறிதாகவே ஒளியைக் கூட்ட வேண்டும். கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர் ஆழத்திலேயே பெரிதும் உறிஞ்சிவிடுகிறது. நீலம் நெடுந்தூரம் இறங்குகிறது. தொட்டி விளக்குகள் நீலம் மிகுந்திருப்பது இதனால்தான்.

நீரோட்டமும் தேவை. எந்தப் பரப்பின் மேலும் ஓடும் நீரில், பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பவளத்தின் கழிவும் ஆக்சிஜனும் இந்த அடுக்கைக் கடந்தே செல்ல வேண்டும். ஓட்டம் வலுத்தால் அடுக்கு மெலியும்; பரிமாற்றம் விரையும்.

தொட்டியின் வரவு செலவு

இனி ஒரு கணக்குப் போடுவோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 100 லிட்டர் தொட்டியில் 41 கிராம். பவளங்கள் 10 கிராம் கால்சியம் கார்பனேட்டைப் படிய வைத்தால் எவ்வளவு கால்சியம் செலவாகும்? கால்சியத்தின் அணு எடை 40. கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100. ஆகவே 4 கிராம். இருப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

ஆனால் கார்பனேட்டின் கணக்கு வேறு. பைகார்பனேட்டும் கார்பனேட்டும் தரும் காரத்தன்மை கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 மில்லிச் சமானம். 100 லிட்டரில் 240. பத்து கிராம் என்பது 100 மில்லிமோல். ஒவ்வொன்றும் இரண்டு சமானத்தை எடுக்கும். ஆக 200 செலவு. இருப்பில் ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது! உண்மையில் அந்த அளவு வரும் முன்பே பவளம் வளர்ச்சியை நிறுத்திவிடும். கடல் பெரிது, அதற்கு இந்தச் செலவு தெரியாது. தொட்டிக்கோ நாள்தோறும் ஈடு செய்தாக வேண்டும்.

அதற்கு உதவும் எளிய பொருள் சுண்ணாம்புத் தெளிநீர். ஒரு லிட்டரில் சுமார் 1.6 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்திருக்கும். அது கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து, இழந்த இரண்டையும் அதே விகிதத்தில் திருப்பித் தரும். மேற்கண்ட 10 கிராமை ஈடுகட்ட 7.4 கிராம், அதாவது ஏறத்தாழ நாலரை லிட்டர் தெளிநீர் தேவை. இது கடும் காரம். ஆகவே ஆவியான நீருக்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாகவே விடுவர்.

சிறு துண்டின் பெரு வளர்ச்சி

அமெரிக்காவில் புளோரிடாவின் மோட் கடலாய்வகத்தில் டேவிட் வாகன் என்ற அறிஞர் ஒரு பவளத்தை எடுக்கும்போது அது உடைந்து சிறு துணுக்குகள் தொட்டியிலேயே தங்கிவிட்டன. வீணாயின என்று எண்ணியவை சில வாரங்களில் விரைவாகப் படர்ந்திருந்தன.

இதனை வடிவக் கணிதத்தால் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். பாறையில் படரும் பவளம் விளிம்பில் விரிகிறது. பக்கம் 10 செ.மீ. உள்ள சதுரத்தின் பரப்பு 100 சதுர செ.மீ. நான்கு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விரிந்தால் பக்கம் 10.2, பரப்பு 104.04. ஆதாயம் 4 சதுர செ.மீ. அதையே ஒரு செ.மீ. சதுரங்களாக நூறு துண்டு செய்து இடைவெளி விட்டு ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் 1.2 செ.மீ. பக்கம் பெறும்; பரப்பு 1.44. நூறுக்கும் 144. ஆதாயம் 44! ஒரே பவளத்தின் துண்டுகளாதலால், அவை சந்திக்கும் இடத்தில் சண்டையிடாமல் ஒன்றாக இணைந்தும் விடுகின்றன.

ஒரே வார்ப்பின் ஆபத்து

1980-களில் பெர்லின் நகரில் டீட்ரிக் ஷ்டூபர் என்பவர் தம் வீட்டுத் தொட்டியில் ஒரு மான்கொம்புப் பவளத்தை வளர்த்து, அதன் துண்டுகளைப் பிற வளர்ப்போருக்குக் கொடுத்தார். அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுத்தனர். ஒருவர் வீட்டில் மின்சாரம் நின்று தொட்டி அழிந்தாலும், வேறொருவர் வீட்டில் அதே பவளம் பிழைத்திருக்கும். பகிர்ந்து கொடுப்பதே பாதுகாப்பு!

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. துண்டுகள் அனைத்தும் மரபால் ஒன்றே. ஒன்றைக் கொல்லும் வெப்பம் எல்லாவற்றையும் கொல்லும். நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் பாசியை இழந்து வெளிறும். வெப்பம் நீடித்தால் மடியும். 2023 கோடையில் புளோரிடாக் கடல் சூடேறியபோது, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு நட்ட மான்கொம்புப் பவளங்கள் பெரும்பாலும் மடிந்தன. நாற்றங்காலில் இருந்த பலவற்றை அவசரமாகக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு மாற்றியே காத்தனர். ஆதலால் இன்று துண்டு நடுவதோடு நில்லாமல், பல மரபு வகைகளைச் சேர்த்து வைப்பதும், முட்டையும் விந்தணுவும் கலந்து புதுக் குஞ்சுகளை வளர்ப்பதும் நடைபெறுகின்றன.

நம் கடலில்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. சுண்ணாம்புக்காக ஒரு காலத்தில் அவற்றை வெட்டியெடுத்தோம். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அங்கே பவளத் துண்டுகளை நட்டுச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள் 2001-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை ஒடிப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே கடற்கரைக்குச் சென்றால் பார்த்து மகிழுங்கள், எடுத்து வராதீர்கள்.

செய்து பாருங்கள்

ஆசிரியர் முன்னிலையில், தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழாயால் ஊதுங்கள். உறிஞ்சிவிடாதீர்கள். நீர் பால்போல் வெளுக்கும்: கால்சியம் கார்பனேட். விடாமல் ஊதினால் மீண்டும் தெளியும்: கால்சியம் பைகார்பனேட். பவளம் செய்வது இந்த இரண்டாம் படியின் மறுதலை. அப்படியானால், காற்றில் கார்பன் டை ஆக்சைடு பெருகி, அது கடலிலும் கரைந்துகொண்டே போனால் பவளத்தின் வேலை எளிதாகுமா, கடினமாகுமா? விடையை உங்கள் சோதனைக் குழாயே சொல்லும்.