நான்கே நான்கு வித்தைகள்

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பர் நம் பெரியோர். ஆனால் துரும்பு தானாக வந்து உதவுவதில்லை. அதை எங்கே, எப்போது எடுப்பது என்று அறிந்தவர் கையில்தான் அது உதவுகின்றது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடைபெற்ற போக்கிமான் உலகப் போட்டி இதற்கு நல்ல சான்று. பெரியவர்களுக்கான பிரிவில் தென்கொரியாவைச் சேர்ந்த சேஜுன் பார்க் உலகப் பட்டம் வென்றார். அவருடைய அணியில் வலிமை மிக்க உயிர்களுக்கு நடுவே பச்சிரிசு என்ற சின்னஞ்சிறு அணிலும் நின்றது. பெயரைக் கேட்டால் நமக்கு அடுக்களைப் பச்சரிசிதான் நினைவுக்கு வரும். ஜப்பானிய மொழியில் 'ரிசு' என்றால் அணில் என்று பொருள். போட்டியாளர் பலரும் பொருட்படுத்தாத அந்த அணிலுக்கு உலகப் போட்டியில் இடம் கிடைத்தது எப்படி? அதற்குத் தேர்ந்தெடுத்த நான்கு வித்தைகளால்தான். அந்தத் தேர்வு எவ்வாறு நடக்கின்றது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விளையாட்டை அறியாத பெற்றோருக்கும் அருட்சகோதரியருக்கும் சில சொற்களை முதலில் விளக்கிவிடுகின்றோம். அறிந்த தோழியர் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம். போக்கிமான் என்பது 1996இல் ஜப்பானில் வெளிவந்த மின்னணு விளையாட்டு. அதை உருவாக்கிய சடோஷி தஜிரி சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேகரிப்பதில் விருப்பம் கொண்டவர். அந்த விருப்பமே விளையாட்டுக்கு வித்தாயிற்று. முதலில் 151 கற்பனை உயிர்கள் இருந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. நீர், நெருப்பு, மின்சாரம், நிலம், பாறை என்று 18 இனங்கள் உண்டு. ஓர் உயிர் அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ சேர்ந்தது. நீர் நெருப்பை இருமடங்கு தாக்கும். மின்சாரம் நிலத்தை ஒன்றுமே செய்யாது. இப்படி ஒவ்வோர் இனத்துக்கும் உறவும் பகையும் உண்டு. ஒவ்வோர் உயிருக்கும் உயிர்ப்புள்ளி, தாக்கு, தற்காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புத் தற்காப்பு, வேகம் என ஆறு திறன் எண்கள் உண்டு. போரில் ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு செயலைச் செய்கின்றது. ஆட்டத்தில் இதை 'மூவ்' என்பார்கள். நாம் வித்தை என்போம். ஓர் உயிர் எத்தனை வித்தைகளைக் கற்க வல்லதாயினும், போருக்கு நான்கைத்தான் கொண்டு செல்லலாம்.

இந்த நான்கு என்ற எல்லைதான் விளையாட்டின் உயிர்நாடி. ஓர் உயிர் 40 வித்தைகளைக் கற்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அவற்றிலிருந்து நான்கை 91,390 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். இந்தக் கணக்கு மேல் வகுப்பில்தான் வரும் என்றாலும், ஆர்வமுள்ளோர் இப்போதே போட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க ஒருவருடைய ஆயுள் போதாது. ஆகவே சில கேள்விகளைக் கேட்டு வேண்டாதவற்றை ஒதுக்கவேண்டும்.

முதற் கேள்வி, இந்த உயிரின் வலிமை எந்தப் பக்கம் உள்ளது என்பது. வித்தைகளில் உடலால் தாக்குபவை உண்டு. அவற்றுக்குத் தாக்கு எண் துணை. தொலைவிலிருந்து ஆற்றலால் தாக்குபவையும் உண்டு. அவற்றுக்குச் சிறப்புத் தாக்கு எண் துணை. கியராடோஸ் என்ற நீர் நாகத்தைப் பாருங்கள். அதன் தாக்கு எண் 125, சிறப்புத் தாக்கு எண் 60. சர்ஃப் என்ற அலை வித்தையின் வலு 90. வாட்டர்ஃபால் என்ற அருவி வித்தையின் வலு 80. அவசரக்காரர் 90 பெரிதென்று சர்ஃபை எடுத்துவிடுவார். ஆனால் சர்ஃப் சிறப்பு வகை. 90ஐ 60ஆல் பெருக்கினால் 5,400. வாட்டர்ஃபால் உடல் வகை. 80ஐ 125ஆல் பெருக்கினால் 10,000. ஏறக்குறைய இருமடங்கு! 2006இல் டைமண்ட், பேர்ல் என்ற ஆட்டங்கள் வெளிவரும் வரை நீர் வித்தைகள் அனைத்துமே சிறப்பு வகையாகக் கருதப்பட்டன. அதுவரை பாவம், கியராடோஸுக்குத் தன் உடல் வலிமையைத் தன் சொந்த நீரில் காட்ட வழியே இருக்கவில்லை.

இரண்டாவது கேள்வி இனத்தைப் பற்றியது. தன் இனத்து வித்தையைப் பயன்படுத்தும் உயிருக்கு அதன் வலு ஒன்றரை மடங்காகின்றது. ஆகையால் தாக்கும் உயிருக்குச் சொந்த இன வித்தை ஒன்றேனும் வேண்டும். கார்சாம்ப் நிலமும் டிராகனும் சேர்ந்த உயிர். தாக்கு எண் 130. நிலத்துக்கு எர்த்குவேக் என்ற நிலநடுக்கம், வலு 100. டிராகனுக்கு டிராகன் க்ளா என்ற நகத்தாக்கு, வலு 80. இவை இரண்டையும் வைத்தபின் இவற்றால் அசைக்க முடியாதவர் யார் என்று பார்க்கவேண்டும். நிலநடுக்கம் பறப்பவற்றைத் தொடாது; டிராகன் வித்தை தேவதை இனத்தைத் தொடாது. பறக்கும் தேவதையாகிய டோகெகிஸ் வந்தால் இரண்டுமே வீண். ஆகவே மூன்றாவதாகப் பாறை வித்தை. அது பறப்பவற்றை இருமடங்கு தாக்கும்.

பாறையிலும் இரண்டு உண்டு. ஸ்டோன் எட்ஜின் வலு 100. ஆனால் நூற்றுக்கு 80 முறைதான் குறி தப்பாது. ராக் ஸ்லைடின் வலு 75. நூற்றுக்கு 90 முறை படும். தொடர்ந்து இரு முறையும் பட வேண்டுமானால் முன்னதற்கு 0.8 × 0.8 = 0.64, பின்னதற்கு 0.9 × 0.9 = 0.81. நிகழ்தகவுப் பாடம் தேர்வுக்கு மட்டும் என்று எண்ணும் தோழியர் இதைக் கவனிக்க. சராசரி வலுவைப் பார்த்தால் ஸ்டோன் எட்ஜே மேல்: 80க்கு 67.5. ஒருவருக்கொருவர் மோதும் போரில் பலர் அதையே எடுப்பதற்கு இது காரணம். ஆனால் உலகப் போட்டி இரட்டையர் போர். ஆறு உயிர்களைக் கொண்ட அணியிலிருந்து நான்கைத் தேர்ந்து, இரண்டிரண்டாக இறக்கவேண்டும். ராக் ஸ்லைட் எதிரிகள் இருவர்மீதும் விழுகின்றது. அப்போது வலு முக்கால் பங்காகக் குறைந்தாலும், அடிபட்டவர் திகைத்து அந்தச் சுற்றை இழக்க நூற்றுக்கு 30 வாய்ப்பு உண்டு. எனவே இரட்டையர் போரில் ராக் ஸ்லைடுக்கே எங்கள் வாக்கு.

நான்காவது இடத்தில் ப்ரொடெக்ட் என்ற காப்பு வித்தை வைப்பது இரட்டையர் போரில் வழக்கம். அந்தச் சுற்றில் தன்மேல் வரும் தாக்குதலை அது தடுத்துவிடும். அடுத்த சுற்றிலும் உடனே செய்தால் மூன்றில் ஒரு முறைதான் பலிக்கும்.

இந்த நான்கையும் வைத்துக்கொண்ட கார்சாம்புக்கும் ஒரு குறை உண்டு. ப்ரான்சாங் என்ற வெண்கல மணி எதிரே வந்து மிதந்தால், நிலநடுக்கம் அதைத் தொடாது. நகமும் பாறையும் பாதிதான் உறைக்கும். நெருப்புப் பல் வித்தையான ஃபயர் ஃபேங்கைக் கார்சாம்பால் கற்க முடியும். ஆனால் ஐந்தாவது இடம் இல்லை. இங்கேதான் புதிதாக ஆடுவோர் மனம் தடுமாறி, ப்ரொடெக்டை எடுத்து எறிந்துவிடுகின்றனர். அது தேவையில்லை. நெருப்பைத் துணைக்கு நிற்கும் வேறோர் உயிர் பார்த்துக்கொள்ளட்டும். எல்லாரையும் தானே வெல்லவேண்டும் என்று ஒரே உயிருக்கு நான்கு இனத்துத் தாக்குதல்களைக் கொடுத்தால், அது எல்லாரிடமும் அரைகுறையாக நிற்கும். அணியில் இதன் வேலை என்ன என்பதே மூன்றாவது கேள்வி. எங்கள் கருத்தில் முதலில் கேட்கவேண்டியதும் இதுவே.

இனி அணிலிடம் வருவோம். கார்சாம்பின் ஆறு எண்களையும் கூட்டினால் 600, பச்சிரிசுவுக்கு 405. தாக்கும் சிறப்புத் தாக்கும் தலா 45. இதற்கு எவ்வளவு பெரிய இடியைக் கொடுத்தாலும் எதிரிக்கு வலிக்காது. ஆகவே 'எதைக் கொண்டு அடிப்பது?' என்ற கேள்வியையே விட்டுவிட்டு, 'தன் வலிமையை நம்பாத வித்தைகள் எவை?' என்று தேடவேண்டும். சேஜுன் பார்க்கின் பச்சிரிசுவிடம் இருந்தவை ஃபாலோ மீ, சூப்பர் ஃபேங், நஸ்ஸல், ப்ரொடெக்ட்.

ஃபாலோ மீ என்பது 'என்னை அடி' என்று எதிரிகளை அழைப்பது. அந்தச் சுற்றில் தோழன்மேல் வரவேண்டிய ஒற்றைத் தாக்குதல்கள் அணில்மேல் திரும்பும். எர்த்குவேக், ராக் ஸ்லைட் போல இருவரையும் தாக்குபவை மட்டும் திரும்பா. அவருடைய அணியில் கியராடோஸும் இருந்தது. நீரும் பறத்தலும் சேர்ந்த அதை மின்சாரம் நான்கு மடங்கு தாக்கும். ஒரே மின்னலில் கதை முடிந்துவிடலாம். பச்சிரிசுவின் இயல்போ, மின்சாரத்தை உண்பது! வோல்ட் அப்ஸார்ப் என்ற அவ்வியல்பால், தன்மேல் படும் மின் தாக்குதல் அதற்கு உயிர்ப்புள்ளியில் கால் பங்கைக் கூட்டிக் கொடுக்கின்றது. நாகத்தைக் கொல்ல வந்த மின்னல் அணிலுக்கு உணவாகிவிடுகின்றது. ஃபாலோ மீயைத் தனியே பார்த்தால் சாதாரணம்; இந்த இயல்போடும் இந்தத் தோழனோடும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் அருமை விளங்கும்.

சூப்பர் ஃபேங் என்ற பற்கடி, எதிரியிடம் மிஞ்சியிருக்கும் உயிர்ப்புள்ளியைப் பாதியாக்கும். 160 இருந்தால் 80. மீண்டும் கடித்தால் 40. கடிப்பவர் அணிலா யானையா என்று அது பார்ப்பதில்லை. ஆவி இனத்தை மட்டும் அது தொடாது. இதனால் எதிரியை வீழ்த்தி முடிப்பது கடினம். முடிப்பது தோழனின் வேலை.

நஸ்ஸல் என்பது கன்னத்தோடு கன்னம் உரசி மின்சாரம் பாய்ச்சுவது. வலு வெறும் 20தான்; ஆனால் பட்டால் எதிரி முடங்குவது உறுதி. 2014இன் விதிப்படி முடங்கியவரின் வேகம் கால் பங்காகக் குறையும். நான்கில் ஒரு முறை அசையவும் முடியாது. தண்டர் வேவ் என்ற வித்தையும் முடக்கும். அதை விடுத்து நஸ்ஸலை எடுத்தது ஏன்? எதிரி டாண்ட் என்ற ஏளன வித்தையைச் செய்தால், அடிக்காத வித்தைகள் எவற்றையும் சில சுற்றுகளுக்குச் செய்ய இயலாது. தண்டர் வேவ் அடிக்காத வித்தை. நஸ்ஸல் அற்பமாகவேனும் அடிக்கின்றது. ஃபாலோ மீயும் ப்ரொடெக்டும் அடைபட்டாலும், சூப்பர் ஃபேங்கும் நஸ்ஸலும் அணிலின் கையில் மிஞ்சும். நிலத்து உயிர்கள்மேல் நஸ்ஸல் பலிக்காது. அங்கே பற்கடி உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று மூடும்படி இந்த நான்கும் அமைந்திருப்பதைக் காண்க.

ப்ரொடெக்டுக்கு இந்த அணியில் தனி வேலை ஒன்றும் உண்டு. எர்த்குவேக் எதிரிகளை மட்டுமன்றிப் பக்கத்தில் நிற்கும் தோழனையும் தாக்கும். மின் அணிலை அது இருமடங்கு தாக்கும். கார்சாம்ப் நிலத்தைக் குலுக்கும் சுற்றில் அணில் காப்புக்குள் ஒடுங்கிவிட்டால் எதிரிகள் மட்டும் அடிபடுவர். கியராடோஸ் பறக்கும் இனமாதலால் அதற்கு அந்த அச்சமில்லை. ஆனால் மெகா உருவம் எடுத்துவிட்டால் பறத்தல் இனம் போய்விடும்; பிறகு தோழனின் நிலநடுக்கம் அதையும் பதம் பார்க்கும். இதை மறப்போர் பலர்.

கைப்பொருளைப் பற்றி இரண்டு சொற்கள். ஒவ்வோர் உயிரும் ஒரு பொருளைக் கொண்டு செல்லலாம். அதை வித்தைகளோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அசால்ட் வெஸ்ட் என்ற கவசம் சிறப்புத் தற்காப்பை ஒன்றரை மடங்காக்கும். ஆனால் அதை அணிந்தவர் அடிக்காத வித்தைகளைச் செய்ய இயலாது. பச்சிரிசுவுக்கு அணிவித்தால் நான்கில் இரண்டு வீண். சேஜுன் பார்க் அதற்குக் கொடுத்தது சிட்ரஸ் பெர்ரி என்ற எளிய பழம். உயிர்ப்புள்ளி பாதிக்குக் குறையும்போது அதைத் தின்று கால் பங்கை மீட்கலாம். பயிற்சிப் புள்ளிகளும் அப்படித்தான். 2014இன் ஆட்டத்தில் மொத்தம் 510, ஓர் எண்ணுக்கு 252க்கு மேல் இட இயலாது. அடி வாங்கவே நிற்கும் உயிருக்குத் தாக்கு எண்ணில் புள்ளிகளைக் கொட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதே.

விதிகளும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2016இல் வெளிவந்த சன், மூன் ஆட்டங்களிலிருந்து முடங்கியவரின் வேகம் கால் பங்காக அன்றிப் பாதியாகவே குறைகின்றது. க்ரோபாட் என்ற வௌவாலின் வேகம் 130. முன்பு முடங்கினால் ஏறத்தாழ 32 ஆகும். சேஜுன் பார்க்கின் அணியில் இருந்த காதிடெல், வேகம் 65 மட்டுமே உடையது என்றாலும், எளிதாக முந்திக்கொள்ளும். இன்று வௌவால் 65இல் நின்றுவிடும். யார் முந்துவார் என்று சொல்ல முடியாது. அப்படியானால் நஸ்ஸலுக்கு இன்னும் ஓர் இடத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பது எங்களுள் ஒரு சாரார் கட்சி. வேகம் எப்படியாயினும், நான்கில் ஒரு முறை எதிரி அசையாது நிற்பது குறையவில்லையே, அதற்காகவே வைத்திருக்கலாம் என்பது மறுசாரார் கட்சி. இக்கட்டுரையை எழுதி முடிக்கும் வரை வழக்குத் தீரவில்லை.